முதலில் ஊர், பிறகு கல்லூரி

கன்சல்டிங் வேலையை மனதில் வைத்து ஐரோப்பாவுக்கு நிர்வாகவியல் படிக்கக் கிளம்பும் இந்திய மாணவர்கள் தரவரிசைப் பட்டியலை முதலில் பார்க்கிறார்கள். வேலையை முடிவு செய்வது பட்டியலில் இல்லாத சங்கதிகள்.

இருபது வருடங்களுக்கு முன்பு வெளிநாட்டில் நிர்வாகவியல் படிப்பு என்றால் பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அமெரிக்காவில் எம்.பி.ஏ. அதற்கு நாலைந்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், கையில் கொஞ்சம் சேமிப்பு வேண்டும், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடும் பொறுமை பெற்றோருக்கு வேண்டும். இன்று டெல்லியிலும் புனேயிலும் பெங்களூரிலும் பி.காம்., பி.டெக். கடைசி வருட மாணவர்களின் வீடுகளில் அடிபடும் பெயர் வேறு. மாஸ்டர் இன் மேனேஜ்மெண்ட், சுருக்கமாக எம்.ஐ.எம். வேலை அனுபவம் தேவையில்லை, பாடம் ஆங்கிலத்தில், மெக்கின்சி, பாஸ்டன் கன்சல்டிங் குரூப், பெயின் போன்ற ஆலோசனை நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆளெடுக்கின்றன என்று கல்லூரிகளின் விளம்பர ஏடுகள் சொல்கின்றன. மூன்றும் உண்மைதான். ஆனால் இந்த மூன்றையும் கூட்டினால் பாரிசிலோ மியூனிக்கிலோ ஓர் இந்திய மாணவிக்கு வேலை நிச்சயம் என்ற விடை வருவதில்லை.

கணக்கு தவறினால் விலை பெரிது. பிரான்சின் முதல் வரிசைக் கல்லூரி ஒன்றில் இரண்டு வருடக் கட்டணம் மட்டுமே 50,000 யூரோவைத் தாண்டுகிறது. ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அரைக் கோடி. தங்கும் செலவும் சாப்பாடும் தனி. பல வீடுகளில் இது அப்பாவின் ஓய்வூதியப் பணம், அல்லது வங்கியில் அடமானம் வைத்த வீட்டுப் பத்திரம். எனவே எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு முன்பாகக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: படித்து முடித்த அடுத்த மாதம் எந்த ஊர் அலுவலகத்தில் உட்கார வேண்டும்?

ஐரோப்பியர்களுக்கு இந்தப் படிப்பு புதிதல்ல. பாரிசின் இ.எஸ்.சி.பி. கல்லூரி 1819ல் தொடங்கியது. பாரிஸ் வர்த்தக சபை எச்.இ.சி.யை 1881ல் நிறுவியது. பள்ளிப் படிப்பு முடிந்து, இரண்டு வருடம் நுழைவுத் தேர்வுக்கென்றே தயாராகி, உள்ளே போய், 23, 24 வயதில் கம்பெனி வேலைக்குப் போவது பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தின் பழைய பாதை. ஜெர்மனியில் அதே இடத்தில் ஐந்து வருட டிப்ளோம் இருந்தது. 1999ல் இத்தாலியின் போலோன்யா நகரில் 29 நாடுகள் கையெழுத்திட்ட பிரகடனம்தான் இவற்றை இளங்கலை, முதுகலை என்று இரண்டாகப் பிரித்தது. அதன் பிறகே வெளிநாட்டில் இளங்கலை முடித்தவர்கள் முதுகலையில் நேரடியாக நுழைய வாசல் அகலமானது. லண்டன் பிசினஸ் ஸ்கூல் 2009ல் தன் எம்.ஐ.எம். படிப்பைத் தொடங்கியது. எம்.பி.ஏ.வுக்குப் பெயர்போன இன்சியாட் 2020ல்தான் இந்தக் களத்தில் இறங்கியது.

ஆலோசனை நிறுவனங்களின் பிழைப்பும் இந்தப் படிப்புக்கு இசைவானது. அவை விற்கும் சரக்கு ஆட்களின் நேரம். மேலே சில பங்குதாரர்கள், நடுவில் மேலாளர்கள், அடியில் கணக்குப் போட்டு, தகவல் திரட்டி, வாடிக்கையாளரின் தொழிற்சாலைக்கு அலையும் இளைஞர் பட்டாளம். ஐரோப்பாவில் அந்த அடித்தட்டின் கணிசமான பகுதியை எம்.ஐ.எம். பட்டதாரிகள் நிரப்புகிறார்கள். அனலிஸ்ட் என்றோ அசோசியேட் என்றோ நிறுவனத்துக்கு ஒரு பெயர். எம்.பி.ஏ. முடித்தவர்கள் இதற்கு ஒரு படி மேலே நுழைகிறார்கள். இந்த வித்தியாசத்தை முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது. எம்.ஐ.எம். என்பது குறைந்த வயதில் கிடைக்கும் எம்.பி.ஏ. அல்ல. இந்தியாவில் அதற்கு நேர்நிகர் ஐ.ஐ.எம்.களின் இரண்டு வருடப் படிப்புதான். அங்கேயும் வேலை அனுபவம் இல்லாதவர்கள் ஏராளமாகச் சேர்கிறார்கள்.

பட்டியலின் கணக்கு

லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் 2005 முதல் இந்தப் படிப்புகளுக்குத் தரவரிசை வெளியிடுகிறது. பெற்றோரும் பயிற்சி நிலையங்களும் வேதவாக்காகக் கொள்வது இதைத்தான். பட்டியலில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் அது எதை அளக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அதில் கனமான எடை பழைய மாணவர்களின் சம்பளத்துக்கு: படித்து முடித்து மூன்று வருடம் கழித்து வாங்கும் தொகை, அதன் உயர்வு. பேராசிரியர்களில் வெளிநாட்டவர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்பவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஜூரிக்கில் வேலை கிடைத்த ஆஸ்திரிய மாணவரும், அதே வகுப்பில் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் நாக்பூர் திரும்பிய மாணவரும் இந்தப் பட்டியலில் தனித்தனியாகத் தெரிவதில்லை. சராசரியில் கலந்துவிடுகிறார்கள்.

சம்பள எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது வங்கிக் கணக்கில் விழும் டாலர் அல்ல. அந்தந்த நாட்டில் பணத்தின் வாங்கும் சக்திக்கு ஏற்ப மாற்றப்பட்ட டாலர். சந்தையில் ஒரு டாலர் வாங்க 80 ரூபாய்க்கு மேல் தேவை. வாங்கும் சக்திக் கணக்கிலோ ஒரு டாலருக்குச் சுமார் 20 ரூபாய்தான். மும்பையில் ஆண்டுக்கு 30 லட்ச ரூபாய் வாங்குபவர் சந்தை விகிதப்படி 37,000 டாலர் அளவுக்குச் சம்பாதிக்கிறார். பட்டியல் கணக்கில் அவர் ஒன்றரை லட்சம் டாலர்காரர். இதே பட்டியலில் அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா ஐ.ஐ.எம்.களின் சம்பள எண் ஐரோப்பாவின் பல நல்ல கல்லூரிகளைவிட உயரமாக நிற்பதற்கு இது முக்கியக் காரணம். அந்த எண்ணை 80ஆல் பெருக்கிப் பார்த்துக் கனவு காண்பவர்கள் ஏமாறுவார்கள்.

கல்லூரிகள் தாமே வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கைகள் இதைவிடப் பயனுள்ளவை. அவற்றையும் நிதானமாகப் படிக்க வேண்டும். பட்டதாரிகளில் மூன்றில் ஒருவர் கன்சல்டிங்கில் சேர்ந்தார் என்று ஓர் அறிக்கை சொன்னால், அத்தனை பேரும் மெக்கின்சியில் இருப்பதாக அர்த்தமில்லை. கம்ப்யூட்டர் மென்பொருளை நிறுவித்தரும் நிறுவனம், தணிக்கை நிறுவனத்தின் ஆலோசனைப் பிரிவு, பத்துப் பேர் இருக்கும் சிறு அலுவலகம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். எல்லாம் கௌரவமான வேலைகள்தான். ஆனால் சம்பளத்திலும் அடுத்த வேலைக்கான மதிப்பிலும் இவற்றுக்கிடையே பெரிய இடைவெளி இருக்கிறது.

பாடம் ஆங்கிலத்தில், வேலை ஜெர்மனில்

இந்திய மாணவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் மொழி. பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது, பேராசிரியர்கள் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், சக மாணவர்கள் காண்டீனில்கூட ஆங்கிலத்தில் அரட்டை அடிக்கிறார்கள். அதனால் வேலையும் ஆங்கிலத்தில் நடக்கும் என்று தோன்றிவிடுகிறது. ஆலோசனை நிறுவனத்தின் புதிய ஊழியரை முதல் மாதமே எங்கே அனுப்புவார்கள் என்று யோசித்தால் விஷயம் விளங்கும். பவேரியாவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் போய், கழிவு ஏன் இத்தனை சதவிகிதம் என்று கேட்க வேண்டும். லியோன் நகரத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புகார்களைக் கையாளும் குமாஸ்தாக்களோடு உட்கார வேண்டும். அவர்கள் தங்கள் மொழியில்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆலோசகருக்கு அது புரியாவிட்டால் கட்டணம் கொடுக்கும் வாடிக்கையாளருக்கு அவரால் என்ன லாபம்?

அதனால்தான் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாட்டு அலுவலகங்களில் பெரும்பாலான இடங்களுக்கு உள்ளூர் மொழியில் சரளம் எதிர்பார்க்கப்படுகிறது. நேர்முகத்தின் ஒரு பகுதியாவது அந்த மொழியில் நடப்பது சகஜம். கடைக்குப் போய்க் காய்கறி வாங்கும் அளவு மொழி இதற்குப் போதாது. ஐரோப்பியர்கள் மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறார்கள். கன்சல்டிங்குக்குத் தேவைப்படுவது மேலிருந்து இரண்டாவது படியான சி1க்கு அருகில். வேலை தேடும் நெருக்கடிக்கும் பரீட்சைக்கும் நடுவே ஒரே வருடத்தில் பூஜ்யத்திலிருந்து அங்கே ஏறுவது அநேகமாக நடக்காத காரியம்.

லண்டனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. டப்ளினுக்கும் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் பல நிறுவனங்கள் ஆங்கிலத்தோடு சமாளிக்கின்றன என்றாலும் டச்சு தெரிந்தவருக்கே முதல் இடம். இந்தியாவில் இருந்தபடியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கோத்தே நிலையம் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் டெல்லி, மும்பை, புனே, சென்னை, பெங்களூர், கல்கத்தாவில் ஜெர்மன் சொல்லித்தருகிறது. அலியான்ஸ் பிரான்சேஸ் இன்னும் அதிக ஊர்களில் பிரெஞ்சு வகுப்பு நடத்துகிறது. கல்லூரியின் முதல் வருடத்திலேயே சேர்ந்துவிட்ட மாணவி விண்ணப்பிக்கும்போது பி1, பி2 என்ற நிலையில் இருப்பாள். ஜிமேட் தேர்வில் கூடுதலாக நாலு மதிப்பெண் எடுப்பதைவிட இந்தச் சான்றிதழ் அவளுக்கு வேலை நேரத்தில் அதிகம் கைகொடுக்கும்.

விசா தரும் அவகாசம்

ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் படிப்பு முடிந்ததும் லிஸ்பனிலிருந்து கோபன்ஹேகன் வரை எங்கும் வேலை தேடலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொரு நாடும் ஒரு கெடு வைத்திருக்கிறது. ஜெர்மனி தன் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்கள் வேலை தேட 18 மாதம் தருகிறது. நெதர்லாந்து ஒரு வருடம். பிரான்ஸ் முதுகலை முடித்தவர்களுக்குக் குறைந்தது ஒரு வருடம். பிரிட்டன் 2021 ஜூலையில் இரண்டு வருட அனுமதியைக் கொண்டுவந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதை 18 மாதமாகக் குறைப்பதாக 2025ல் அறிவித்தது. இந்த விதிகள் ஆட்சி மாறினால் மாறுபவை. சேரும் வருடத்து விதியை நம்பி, முடிக்கும் வருடத்தைத் திட்டமிடக் கூடாது.

சுவிட்சர்லாந்து நல்ல பாடம். 1898ல் தொடங்கிய செயின்ட் காலன் பல்கலைக்கழகத்தின் வியூகம் மற்றும் சர்வதேச நிர்வாகப் படிப்பு 2011 முதல் பல வருடங்கள் தொடர்ந்து ஃபைனான்ஷியல் டைம்ஸ் பட்டியலின் உச்சியில் இருந்தது. சிறிய வகுப்பு, ஆங்கிலப் பாடம், அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் லண்டன், பாரிசோடு ஒப்பிட்டால் சொற்பக் கட்டணம். ஆலோசனை நிறுவனங்கள் வரிசைகட்டி வருகின்றன. ஆனால் படிப்பு முடித்த இந்தியருக்கு அந்த நாடு தரும் அவகாசம் ஆறு மாதம்தான். மேலும், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் திறன்பெற்ற ஊழியர்களுக்கு வருடாந்திர ஒதுக்கீடு உண்டு. 2024ல், பிரிட்டிஷ்காரர்கள் நீங்கலாக, உலகம் முழுவதற்கும் சேர்த்து 8,500 அனுமதிகள். பக்கத்திலுள்ள ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் செயின்ட் காலன் பட்டத்தைப் பெரிதும் மதிக்கின்றன. ஜெர்மன் மொழி தெரிந்தால், அது மியூனிக்குக்கும் வியன்னாவுக்கும் வழி. தெரியாத இந்தியருக்கு, முதலிடத்தில் நின்ற கல்லூரியே வேலைக்கு மிகக் குறுகலான வாசலாகலாம்.

யாருக்கு எந்தக் கதவு

எல்லாப் பட்டதாரிகளுக்கும் எல்லாக் கல்லூரிகளும் திறந்திருப்பதில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் முதுகலையை இளங்கலையின் தொடர்ச்சியாகவே பார்க்கின்றன. மன்ஹைமிலோ கொலோனிலோ நிர்வாகவியல் முதுகலைக்கு விண்ணப்பித்தால், இளங்கலையில் கணக்கியல், நிதி, பொருளாதாரம் எத்தனை கிரெடிட் படித்தீர்கள் என்று எண்ணிப் பார்ப்பார்கள். பி.காம்., பி.பி.ஏ. மாணவர்கள் தேறலாம். மெக்கானிக்கல் எஞ்சினீயருக்கு, அவர் கல்லூரியில் முதல் மாணவரே ஆனாலும், அந்த எண்ணிக்கை பெரும்பாலும் வராது. அவருக்கு மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எஞ்சினீயரிங், அறிவியல் பட்டதாரிகளுக்கென்றே அங்கே நிர்வாகவியல் முதுகலை நடக்கிறது. எச்.இ.சி., எஸ்ஸெக், இ.எஸ்.சி.பி., லண்டன் பிசினஸ் ஸ்கூல் ஆகியவை எந்தப் பாடத்தில் பட்டம் என்று பார்ப்பதில்லை; ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. மதிப்பெண், கல்லூரித் தேர்ச்சி, நேர்முகம் மூன்றையும் பார்க்கின்றன.

எஞ்சினீயர்கள் மறக்கக் கூடாத இன்னொரு உண்மை, பிரான்சிலும் இத்தாலியிலும் ஆலோசனை நிறுவனங்கள் வணிகக் கல்லூரிகளோடு எஞ்சினீயரிங் கல்லூரிகளிலிருந்தும் தாராளமாக ஆளெடுக்கின்றன. பாரிசில் எகோல் பாலிடெக்னிக், மிலானில் போக்கோனியோடு பாலிடெக்னிகோ. கணக்கில் பலமுள்ளவர் தன் துறையிலேயே மேற்படிப்புப் படித்துக் கன்சல்டிங்குக்குப் போவது அங்கே சாதாரணம்.

ஒரு வருடமா, இரண்டா?

லண்டன் படிப்பு 12 முதல் 16 மாதம். பிரெஞ்சுப் படிப்பு இரண்டு வருடம். பலர் நடுவில் ஒரு வருடம் இடைவெளி எடுத்து மூன்றாக நீட்டிக்கொள்கிறார்கள். செலவைப் பார்க்கும் பெற்றோருக்குக் குறுகிய படிப்பு லாபகரமாகத் தோன்றும். கன்சல்டிங் ஆளெடுப்பு நடக்கும் முறையைப் பார்த்தால் கணக்கு மாறும். லண்டனில் பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் காலம் இலையுதிர் பருவம். ஆகஸ்டு கடைசியில் வந்திறங்கி, வீடு தேடி, வங்கிக் கணக்கு திறப்பதற்குள் கடைசித் தேதி நெருங்கிவிடும். கல்லூரி அந்த மாணவரை இன்னும் எதுவும் செய்திருக்காது. நிறுவனம் பார்ப்பது அவர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பயோடேட்டாவை. அதில் ஒரு நல்ல பயிற்சி வேலைகூட இல்லையென்றால் நேர்முகத்துக்கே அழைப்பு வராது.

பிரெஞ்சு ஏற்பாடு வேறு விதம். நடு வருட இடைவெளியில் மாணவர்கள் ஆறு ஆறு மாதமாக இரண்டு பயிற்சி வேலைகள் பார்க்கிறார்கள். ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் பயிற்சியாளரை வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. முதல் பயிற்சி சின்ன நிறுவனத்தில், இரண்டாவது பெரியதில், கடைசிப் பயிற்சி முடியும்போது நிரந்தர வேலை என்று படிப்படியாகப் போகிறது. ஜெர்மன் மாணவர்களும் இளங்கலையிலிருந்தே மூன்று, நான்கு பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களோடு போட்டியிடப்போகும் இந்திய மாணவருக்கு, பயோடேட்டா கனமாக இருந்தால் ஒரு வருடப் படிப்பு போதும். வெறுமையாக இருந்தால் இரண்டு வருடம்தான் பாதுகாப்பு. கையில் பணம் இருக்கிறதா என்பதைவிட, பயோடேட்டாவில் என்ன இருக்கிறது என்பதுதான் இங்கே தீர்மானம்.

நேர்முகமும் இந்தியக் கேம்பஸ் இன்டர்வியூவைப் போல இருக்காது. சிமெண்ட் கம்பெனி ஒன்றின் லாபம் மூன்று வருடமாகச் சரிகிறது, ஏன் என்று கேட்டுவிட்டுக் காகிதத்தை நகர்த்துவார்கள். அரைமணி நேரத்தில் கேள்வியைக் கூறுபோட்டு, தகவல் கேட்டு, கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போட்டு, ஒரு முடிவு சொல்ல வேண்டும். இதில் தேற நண்பர்களோடு மாதக்கணக்கில் பழகுகிறார்கள். கல்லூரியின் கன்சல்டிங் மாணவர் சங்கம் எவ்வளவு சுறுசுறுப்பானது என்று விசாரிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பணம் போகும் வழி

கட்டண வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. லண்டன் பிசினஸ் ஸ்கூலில் 40,000 பவுண்டுக்கு மேல். கொலோன் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணமே இல்லை; செமஸ்டருக்குச் சில நூறு யூரோ நிர்வாகச் செலவுக்கு. மன்ஹைம் இருக்கும் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து முதுகலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ வசூலிக்கத் தொடங்கியது. கட்டணம் இல்லாவிட்டாலும் ஜெர்மன் விசாவுக்கு வருடச் செலவுத் தொகையை முடக்கப்பட்ட கணக்கில் காட்ட வேண்டும்; 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது. இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் சரிபார்ப்பையும் முடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் ஒதுக்காதவர்கள் கையில் சேர்க்கைக் கடிதத்தோடு விசாவுக்குக் காத்திருக்கிறார்கள்.

வங்கிக் கடன் ஏழரை லட்ச ரூபாயைத் தாண்டினால் பொதுவாக அடமானம் கேட்பார்கள். பெயர்பெற்ற கல்லூரிகளுக்குச் சில வங்கிகள் விலக்குத் தருகின்றன. உதவித்தொகையை நம்புகிறவர்கள் விதிகளை நன்றாகப் படிக்க வேண்டும். பிரெஞ்சு அரசின் ஐஃபல் உதவித்தொகை கௌரவமானது. ஆனால் அது மாதச் செலவுக்குத்தான். கல்விக் கட்டணத்தை அது தொடுவதில்லை. கடன் வாங்குவதற்கு முன் வீட்டில் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டிய எண் பட்டியலில் வரும் சராசரிச் சம்பளம் அல்ல. பெரிய நிறுவனம் கிடைக்காமல் நடுத்தர நிறுவனத்தில் சேர்ந்தால் மாதாமாதம் தவணை கட்ட முடியுமா? அந்த நிலையிலும் வீடு தப்பும் என்றால் துணியலாம்.

திரும்பி வந்தால்

வேலை கிடைக்காவிட்டால் இந்தியாவில் பார்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானம் பல வீடுகளில் சொல்லப்படுகிறது. இது பலவீனமான சமாதானம். மும்பை, குர்காவ்ன், பெங்களூரில் உள்ள ஆலோசனை நிறுவனங்கள் ஐ.ஐ.எம்., ஐ.எஸ்.பி., ஐ.ஐ.டி. வளாகங்களிலும் டெல்லியின் சில கல்லூரிகளிலும் ஆளெடுத்துப் பழகியவை. பாரிசிலிருந்து திரும்பியவர் எந்த வளாகத்திலும் இல்லை. தனியாக விண்ணப்பம் போட்டு, தெரிந்தவர்களைப் பிடித்து நுழைய வேண்டும். ஐ.ஐ.எம். நண்பரைவிடக் கீழ்ப்படியில் அமர வேண்டியும் வரலாம். ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் இரண்டு வருடக் கட்டணம் 25 லட்ச ரூபாய்க்கு மேல் என்றாலும், எச்.இ.சி.யோடு ஒப்பிட்டால் பாதி. இந்தியாவிலேயே வேலை பார்ப்பதுதான் உண்மையான விருப்பம் என்றால் கேட் தேர்வுக்கு இன்னொரு முறை உட்காருவது லாபம்.

இரண்டு கரையிலும் கால்வைக்க விரும்புகிறவர்களுக்கு நடுவழி உண்டு. 1988ல் எச்.இ.சி., போக்கோனி, எஸாதே, கொலோன் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கிய செம்ஸ் என்ற கூட்டமைப்பில் இந்தியாவிலிருந்து ஐ.ஐ.எம். கல்கத்தா உறுப்பினர். அங்கே படிக்கும் மாணவர் வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்து, செம்ஸ் பட்டத்தையும் சேர்த்துப் பெறலாம். இந்திய வளாகத் தேர்வும் கைவிட்டுப் போகாது.

தொழிலின் வானிலையும் கவனிக்கத்தக்கது. 2023ல் மெக்கின்சி சுமார் 1,400 இடங்களைக் குறைத்தது. அந்த வருடம் வேலை உத்தரவு கையில் இருந்தும் சேரும் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போடப்பட்ட புதிய பட்டதாரிகள் பல நாடுகளில் இருந்தார்கள். இரண்டு மாத அவகாசம் குடும்பத்தோடு இருக்கும் ஐரோப்பியருக்கு விடுமுறை. விசா நாள் எண்ணும் இந்தியருக்கு அது வேறு. தகவல் திரட்டி அட்டவணை போடும் வேலையைக் கம்ப்யூட்டர்களே செய்யத் தொடங்கியிருக்கும்போது அடித்தட்டு இடங்கள் எத்தனை நிலைக்கும் என்ற விவாதமும் நடக்கிறது. கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளாத பகுதி, ஆலைக்குப் போய் ஆட்களோடு பேசுவது. மறுபடியும் மொழிதான்.

எனவே விசாரணையைத் தலைகீழாகத் தொடங்குவது புத்திசாலித்தனம். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த, பயோடேட்டா பலமான மாணவருக்கு லண்டன் முதல் ஊர். அங்கே லண்டன் பிசினஸ் ஸ்கூலோடு இம்பீரியல், எல்.எஸ்.இ. போன்றவையும் நிறுவனங்கள் தேடி வரும் இடங்கள்தான். ஜெர்மன் பி2 வரை ஏறிவிட்ட பி.காம். மாணவிக்கு மன்ஹைமும் கொலோனும், அரைக் கோடி கடனில்லாமல், பட்டியலின் பல பெரிய பெயர்களைவிட நல்ல வழி. பிரெஞ்சில் பேசத் தெரிந்து, பயிற்சி வேலைகளுக்குப் பொறுமையும் பணமும் உள்ளவருக்குப் பாரிஸ். இந்த மூன்றில் எதிலும் அடங்காதவர் ஒரு வருடம் காத்திருந்து, இந்தியாவிலேயே வேலை பார்த்து, ஒரு மொழியும் கற்றுக்கொண்டு விண்ணப்பிக்கலாம். வயது 22 என்றால் ஒரு வருடம் பெரிய நஷ்டம் இல்லை.

முன்பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய கடைசி வேலைக்குச் செலவே கிடையாது. அந்தக் கல்லூரியில் கடந்த மூன்று வருடங்களில் படித்த, இந்தியாவில் இளங்கலை முடித்த பத்துப் பேரைக் கண்டுபிடித்து எழுதிக் கேட்க வேண்டும்: இப்போது எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், எந்த மொழியில் வேலை பார்க்கிறீர்கள்? கல்லூரியின் சேர்க்கை அலுவலகம் சராசரியைச் சொல்லும். தங்களைப் போன்ற ஒருவருக்கு என்ன நடந்தது என்பதை இந்தப் பத்துப் பேர் சொல்வார்கள். அவர்களில் பாதிப் பேர் பதில் போட்டால்கூட, வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப்போகலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.